எட்டாவது பாட்டு, கடைசி அடி

கொஞ்சம் சத்தமாகப் பேசுங்கள் சார். தப்பாக நினைக்காதீர்கள், உங்களை மட்டும் சொல்லவில்லை. நாலைந்து வருஷமாக ஊரே மெதுவாகத்தான் பேசுகிறது. என்ன சீக்கோ தெரியவில்லை. கோயிலில் சாமியார் பிரசங்கம் வைக்கிறார், உதடு மட்டும் அசைகிறது. டீக்கடையில் ஒருவன் ஏதோ சொல்கிறான், எல்லோரும் சிரிக்கிறார்கள், எனக்குச் சிரிப்பு மட்டும்தான் வந்து சேருகிறது. இந்தக் கண்டக்டரையே பாருங்கள். முன்பெல்லாம் கண்டக்டர் ஊர்ப் பெயரைச் சொன்னால், இறங்க வேண்டாதவனும் பயந்து எழுந்துவிடுவான். இவர் செபமாலை சொல்வதுபோல முணுமுணுத்துவிட்டுப் போகிறார்.

தூத்துக்குடிதானே? நானும் அங்கேதான். ஒன்றரை மணி நேரம் இருக்கிறது. சன்னலோரம் நீங்களே உட்காருங்கள், ஆனால் கொஞ்சம் இந்தப் பக்கம் திரும்பிக்கொள்ளுங்கள். ஆளின் முகத்தைப் பார்த்துப் பேசினால்தான் எனக்குப் பேசின மாதிரி இருக்கும்.

காதில் சொருகியிருக்கிறீர்களே, அதில் பாட்டுத்தானே ஓடுகிறது? என் பெண்டாட்டியின் பாட்டும் அதில் வரும். நிஜமாகத்தான். பிரான்சிஸ்கா என்று போட்டால் படத்தோடு வருமாம். படத்தில் தெரிவது எங்கள் வீட்டுக் கொல்லைச் சுவர். சுண்ணாம்பு உதிர்ந்த சுவரைப் போய் அட்டையில் போட்டிருக்கிறார்கள். வெள்ளையடித்துவிட்டு எடுங்கள் என்று சொன்னேன், யார் கேட்டார்கள்.

இப்போது போட வேண்டாம். நான் சொல்லி முடித்துவிடுகிறேன்.

நான் பெர்க்மான்ஸ். சிலுவைத்துறையில் முப்பத்தெட்டு வருஷமாக மைக் செட் வைத்திருக்கிறேன். கல்யாணம், புது வீடு, கோயிலில் பிள்ளைகளுக்கு முதல் நன்மை கொடுக்கிற நாள், சாவு, திருவிழா, எதுவானாலும் என் செட்தான். இன்றுவரை என் செட்டைப் பற்றி யாரும் குறை சொன்னதில்லை. நான் சொல்வது குழாய் ஸ்பீக்கர். தென்னை மரத்தில் கட்டுவோமே, அது. இப்போது குழாய் கட்டக் கூடாது என்கிறார்கள். திருவிழாவுக்கு மட்டும் பத்து நாள் இன்ஸ்பெக்டருக்குக் காது கேட்காமல் போய்விடும், நல்ல மனுஷர். என் செட்டில் பாட்டுப் போட்டால் நாலு மைல் கடலுக்குள் இருக்கும் வள்ளத்தில் கேட்கும். இது என் தொழில். இப்படிப்பட்டவன் வீட்டில் இருந்துகொண்டு ஒரு பொம்பளை, பக்கத்தில் இருப்பவனுக்கே கேட்காத பாட்டாக எட்டுப் பாட்டுப் பாடியிருக்கிறாள் என்றால், அதை நான் என்னவென்று எடுத்துக்கொள்வது?

பிரான்சிஸ்கா கான்வென்ட் பள்ளிக்கூடத்தில் பாட்டு டீச்சர். சின்ன வயதில் கன்னியாஸ்திரியாகப் போகிறேன் என்று இரண்டு வருஷம் மடத்தில் இருந்துவிட்டு, வேண்டாம் என்று வந்துவிட்டாள். வரும்போது ஒரு சிஸ்டர் தன் கிட்டாரைக் கொடுத்து அனுப்பியிருக்கிறார். அந்தக் கிட்டாரோடுதான் எனக்கு வாழ்க்கைப்பட்டாள். இருபத்தேழு வருஷம் ஆகிறது. பிள்ளை இல்லை. வீட்டில் நாங்கள் இரண்டு பேர், ஆம்ப்ளிஃபயர் மூன்று.

போன கோடை லீவில் தூத்துக்குடியில் ஒரு பழைய ஹாஸ்டல் கட்டடத்தில் போய் நாற்பது நாள் தங்கிப் பதிவு பண்ணினாள். அவளோடு படித்தவள் ஒருத்தி அங்கே வார்டனாக இருக்கிறாள். நான் ஒரே ஒரு நாள் போய்ப் பார்த்தேன். ஒரு நாளே போதுமானதாக இருந்தது.

ஒருவர் டிரம்பெட் வைத்திருந்தார். கப்பல்படை பாண்டில் வாசித்து ஓய்வு பெற்றவராம், டெரன்ஸ் என்று பெயர். நல்ல பித்தளை, நல்ல நெஞ்சு. அதன் வாயில் ஒரு மூடியைப் போட்டு அடைத்துக்கொண்டு ஊதுகிறார். சத்தம் வரக் கூடாதாம். சத்தம் வரக் கூடாது என்றால் எதற்கு ஐயா டிரம்பெட், சும்மா உட்கார்ந்திருக்கலாமே என்றேன். அவர் சிரித்தார். டிரம்ஸ் அடிப்பவர் கையில் குச்சி இல்லை. சின்னத் துடைப்பம். அதை வைத்து டிரம்மைக் கூட்டிப் பெருக்கிக்கொண்டிருந்தார். அப்புறம் ஆள் உயரத்துக்கு ஒரு வயலின். சவப்பெட்டியைத் தூக்கி நிறுத்தியதுபோல இருக்கிறது, ஒரு நிமிஷத்துக்கு நாலு தரம் விரலால் தட்டினால் அவர் வேலை முடிந்தது.

இது என்ன வகைப் பாட்டு என்று பிரான்சிஸ்காவிடம் கேட்டேன். பொறுமையாகத்தான் சொன்னாள். கொஞ்சம் ஜாஸாம். கொஞ்சம் நம்ம ஊர் அம்பாப் பாட்டாம், வலை இழுக்கும்போது பாடுவோமே, அது. கொஞ்சம் கன்ட்ரியாம், அமெரிக்காவில் மாடு மேய்ப்பவர்கள் பாடுவதாம். கொஞ்சம் சோலாம். சோல் என்றால் ஆன்மா. ஆன்மா எல்லோருக்கும்தான் இருக்கிறது சார், அதற்குப் போய்த் தனியாக யாராவது பாட்டுப் படிப்பார்களா? அந்த அம்பாப் பாட்டைத்தான் என்னால் பொறுக்க முடியவில்லை. நாற்பது ஆண்பிள்ளைகள் தொண்டை கிழியக் கத்தினால்தான் வலை கரைக்கு வரும். இவள் பாடுவதைப் பார்த்தால் வலையைத் தூங்க வைப்பதுபோல இருந்தது.

சரி, வந்ததற்கு ஓர் உதவி செய்வோம் என்று, அங்கே தொங்கிய மைக்கை விரலால் இரண்டு தட்டுத் தட்டி, ஊப் ஊப் என்று ஊதி, ஹலோ மைக் டெஸ்டிங் சொன்னேன். எங்கள் தொழிலில் அதுதான் முதல் வேலை. பதிவு பண்ணுகிற ஆள் அப்படியே தலையில் கைவைத்து உட்கார்ந்துவிட்டார். அந்த மைக்கில் காற்றுப் பட்டால் உள்ளே இருக்கும் தகடு கிழிந்துபோகுமாம். காற்றுப் படக் கூடாத மைக்கில் மனுஷன் எப்படிப் பாடுவது? என் எக்கோ மெஷினை வேறு கொண்டுபோயிருந்தேன். வேண்டாம் என்றார்கள். “அண்ணாச்சி, கொஞ்சம் வெளிய இருங்க” என்றார் அந்த ஆள். முப்பத்தெட்டு வருஷச் சர்வீஸுக்கு இந்த மரியாதை. வெளியே வேப்ப மரத்தடியில் இருந்துவிட்டு, சாயங்கால பஸ்ஸில் ஊருக்கு வந்துவிட்டேன்.

பாட்டெல்லாம் ஆடி மாதம் வெளியே வந்தது. ஆல்பத்துக்குப் பெயர் ‘மெதுவா’. பெயரைப் பாருங்கள். மெட்ராஸ் பத்திரிகை ஒன்றில் அரைப் பக்கம் எழுதினார்கள், காதோடு பேசுகிற குரல் என்று. யார் காதோடு என்று எழுதவில்லை. கான்வென்ட் சிஸ்டர்கள் கேட்டுவிட்டு அழுதார்களாம். போஸ்ட்மாஸ்டர் கேட்டுவிட்டு லீவு போட்டுவிட்டு அவர் அம்மாவைப் பார்க்கப் போனாராம். நானும் கேட்டேன். போனில் கேட்டேன், ரேடியோவில் மாட்டிக் கேட்டேன், உங்களுடையது மாதிரி ஒன்றைக் காதில் சொருகியும் கேட்டேன். எறும்பு ஊர்கிற சத்தம்கூட இல்லை. அவ்வப்போது அந்தச் சவப்பெட்டி வயலின் மட்டும் தும் என்றது. அவ்வளவுதான்.

என் காதைச் சந்தேகப்படுகிறீர்கள். முகத்திலேயே தெரிகிறது. பிரான்சிஸ்காவும் இதைத்தான் ஆரம்பித்தாள். மூன்று வருஷத்துக்கு முன் ஒரு காது டாக்டரிடம் கூட்டிப் போனாள். சின்னப் பையன் டாக்டர். ஓர் அறையில் உட்காரவைத்து, ஹெட்போனை மாட்டி, சத்தம் வரும்போதெல்லாம் பொத்தானை அழுத்துங்கள் என்றார். பத்து நிமிஷம் உட்கார்ந்திருந்தேன். பாதி நேரம் அதிலிருந்து சத்தமே வரவில்லை. தொழில்காரன் என்ற முறையில் நானே அவரிடம் சொன்னேன், டாக்டர், உங்கள் மெஷினில் வயர் எங்கேயோ விட்டிருக்கிறது, டெஸ்டர் இருக்கிறது, பார்க்கட்டுமா என்று. அவர் பிரான்சிஸ்காவைப் பார்த்தார், பிரான்சிஸ்கா சன்னலைப் பார்த்தாள். அப்புறம் அந்தப் பேச்சு வரவில்லை. வந்திருந்தாலும் மெதுவாக வந்திருக்கும்.

விஷயத்துக்கு வருகிறேன். ஆல்பம் வந்த பிறகு ஊரில் நாலைந்து பேர் என்னை ஒரு மாதிரிப் பார்க்க ஆரம்பித்தார்கள். போஸ்ட்மாஸ்டர் வழியில் நிறுத்தி, “அண்ணாச்சி, எட்டாவது பாட்டு கேட்டியளா?” என்றார். கேட்டேன், பிரமாதம் என்றேன். வேறு என்ன சொல்ல? பாட்டு டீச்சரின் புருஷன், மைக் செட்காரன், பெண்டாட்டி பாட்டுக் கேட்கவில்லை என்று நடுத்தெருவில் சொல்ல முடியுமா? சாமியாரும் கேட்டார். பிரமாதம் என்றேன்.

பிறகு ஒரு நாள் அவளே கேட்டாள். சாப்பாட்டு நேரம். எனக்கு நேர் எதிரே வந்து உட்கார்ந்து, நிறுத்தி நிறுத்திக் கேட்டாள்.

“எட்டாவது பாட்டு கேட்டியளா?”

“கேட்டேன்.”

“அதுக்கு என்ன சொல்லுதிய?”

நான் தொழில்காரன் சார். யோசித்துத்தான் சொன்னேன். “பேஸ் கொஞ்சம் தூக்கலா இருந்திருக்கலாம்” என்றேன்.

அவள் என்னையே பார்த்தாள். கோபம் மாதிரி இல்லை. கடையில் ஒரு சாமானைக் கேட்டு, இல்லை என்று சொன்ன பிறகும் ஒரு நிமிஷம் நிற்போமே, அப்படி நின்ற பார்வை. அப்புறம் மோர் ஊற்றினாள். அன்றோடு அவள் பேச்சு இன்னும் குறைந்துபோயிற்று. முன்பு மெதுவாகப் பேசுகிறாள் என்று நினைத்தேன். இப்போது பேசவே இல்லை. உதடு அசையவில்லை, எனக்குத் தெரியாதா?

ஒரு வீட்டில் இரண்டு பேர் இருந்து, ஒருவர் பேசாமல் போனால் எப்படி இருக்கும் தெரியுமா? நிம்மதியாக இருக்கும் என்று நினைப்பீர்கள். நானும் அப்படித்தான் நினைத்தேன். ஒரு வாரம் இருந்தது.

திருவிழா வந்தது. எங்கள் ஊரில் பத்து நாள். ஒன்பதாம் நாள் சாயங்காலம் ஆராதனை, தேர் எல்லாம் இருக்கும். அதற்கு முன்னால் மத்தியானம் மூன்று மணியிலிருந்து ஐந்து மணி வரை சும்மா பாட்டு ஓடும். அந்த நேரத்தில் எதைப் போடுவது என்பது என் இஷ்டம். ஆறு குழாய் கட்டியிருந்தேன். தென்னையில் நாலு, கோயில் கோபுரத்தில் ஒன்று, கடலைப் பார்த்து ஒன்று. ஆம்ப்ளிஃபயர் புதுசு. அதை ஒரு மெல்லிய பாட்டுப் போட்டுச் சோதித்துப் பார்க்க வேண்டும் என்று தோன்றியது. சோதனைக்காகத்தான். வேறு ஒன்றும் இல்லை. நாற்காலியைத் தூக்கிக்கொண்டுபோய், செட் வைத்திருந்த பந்தலை ஒட்டி, ஒரு குழாய்க்கு நேர் கீழே போட்டு உட்கார்ந்தேன். அதுவும் சோதனைக்காகத்தான். எட்டாவது பாட்டை வைத்து, வால்யூமைக் கடைசிவரை திருப்பினேன்.

சார், கேட்டது.

அந்த டிரம்பெட் மூடியோடு அழுதது. அந்தத் துடைப்பம் கடற்கரை மணலில் அலை திரும்பிப் போகிற மாதிரி கூட்டியது. அவள் குரல் வந்தது. இருபத்தேழு வருஷமாக என் வீட்டில் இருக்கிற குரல். எப்போது கடைசியாகக் கேட்டேன் என்று எனக்கே ஞாபகம் இல்லை. வார்த்தை வார்த்தையாகக் கேட்டது. சொல்கிறேன், மறக்கவில்லை.

கம்பியில மீன்கொத்தி வந்திருக்கு பாருன்னேன்,
உன் முதுகிட்ட சொன்னேன்.
காத்து மாறிருச்சு, கதவைச் சாத்துன்னேன்,
உன் முதுகிட்ட சொன்னேன்.

ஒரு பொம்பளை, யாரோ ஒருவனிடம் சொல்லிக்கொண்டே இருக்கிறாள். அவன் திரும்புவதே இல்லை. எனக்கு அவன்மேல் எரிச்சல் வந்தது. மிட்டாய்க் கடைக்காரர்கள் முதலில் சிரித்தார்கள். அடுத்த சரணத்தில் சிரிப்பு நின்றுவிட்டது.

அம்மா போயிட்டான்னேன்,
உன் முதுகிட்ட சொன்னேன்.
கொழம்பு சூடா இருக்கான்னு
முதுகு கேட்டுச்சு.

பாருங்கள் சார், இப்படியும் ஒரு மடையன். பெற்ற தாய் செத்துப்போனாள் என்று சொல்கிறாள், இவன் குழம்பு கேட்கிறான். என் மாமியார் தவறிய அன்றும் எனக்கு விஷயம் தாமதமாகத்தான் தெரிந்தது. எதிர்வீட்டு லூர்தம்மாக்கா வந்து கத்திச் சொன்ன பிறகுதான் தெரியும். அப்போது நான் சாப்பிட்டுக்கொண்டிருந்தேன். ஆனால் அது வேறு. அது பிரான்சிஸ்கா சரியாகச் சொல்லாததால் வந்தது.

ராட்டினத்தை நிறுத்திவிட்டார்கள். கரைக்கு வந்துகொண்டிருந்த வள்ளத்தில் துடுப்புப் போடுவது நின்றது. கோயில் வாசலில் இருந்த பொம்பளைகள் முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள். ஊருக்கெல்லாம் போடுகிற அசனச் சோறு வடிக்கிற அடுப்புப் புகையாக இருக்கும் என்று நினைத்தேன். எல்லோரும் என் பக்கமே பார்த்தார்கள். புது ஆம்ப்ளிஃபயர், ஒரு இரைச்சல் இல்லை, ஒரு கீச்சல் இல்லை, பார்க்கத்தானே செய்வார்கள்? நானும் கையை உயர்த்திக் காட்டினேன். யாரும் திருப்பிக் கை காட்டவில்லை. அப்போது மூன்றாவது சரணம் வந்தது.

காதுல டெஸ்டரு, கையில வயரு,
ஊருக்கெல்லாம் சத்தம் கட்டுத மனுசா...

என் கை தானாகக் காதுக்குப் போயிற்று. டெஸ்டரை எடுக்கத்தான். அது எப்போதும் அங்கேதான் இருக்கும், வலது காதுக்குப் பின்னால், மஞ்சள் பிடி போட்டது. டெஸ்டரைக் காதில் சொருகுகிறவர்கள் உலகத்தில் எத்தனையோ பேர் இருக்கிறார்கள் சார். எலக்ட்ரிசிட்டிக்காரர்கள் எல்லோருமே அப்படித்தான். வயரும் பிடிப்பார்கள். நான் அப்படித்தான் நினைத்தேன். அப்படித்தான் நினைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். எழுந்திருக்க முடியவில்லை, நாற்காலி மணலில் இறங்கிவிட்டது.

குரல் நின்று டிரம்பெட் மட்டும் ஓடிக்கொண்டிருந்தது, அப்போது பார்த்தால், தெருக்கோடியிலிருந்து பிரான்சிஸ்கா வருகிறாள். கையெல்லாம் மாவு. திருவிழாப் பலகாரம் சுட்டுக்கொண்டிருந்தவள் அப்படியே எழுந்து வந்திருக்கிறாள். கூட்டம் இரண்டாகப் பிரிந்து வழி விட்டது. நேராகப் பந்தலுக்கு வந்து, மாவுக் கையாலேயே ஆம்ப்ளிஃபயரை அணைத்துவிட்டாள். முப்பத்தெட்டு வருஷத்தில் என் ஆம்ப்ளிஃபயரில் இன்னொருவர் கை பட்டதில்லை. கலெக்டர் வந்தபோதுகூட அவரைத் தொடவிட்டதில்லை.

“மிச்சம் இருக்கே” என்றேன். என் குரல் எனக்கே பெரிதாகக் கேட்டது. ஊருக்கும் கேட்டிருக்கும்.

என் முகத்துக்கு நேரே வந்து நின்று, பள்ளிக்கூடப் பிள்ளைக்குச் சொல்லிக்கொடுப்பதுபோலச் சொன்னாள். “ஒரு அடி மிச்சம் இருக்கு. அது ஊருக்குப் போடுத பாட்டு இல்ல.”

அதுதான் ஊரெல்லாம் போனில் கேட்டு அழுதுகொண்டிருக்கிறதே, மெட்ராஸில்கூடக் கேட்கிறார்களே, இங்கே மட்டும் என்ன என்று கேட்டேன். நியாயமான கேள்விதானே?

“மெட்ராஸ்ல கேக்குறவுகளுக்கு அது யாருக்குன்னு தெரியாது. நடு ஊர்ல குழாய் கட்டிப் போட்டா, எல்லாரும் ஒங்களத்தான பாப்பாவ?”

“யாருக்கு அது?” என்றேன்.

 கையை நீட்டி என் காதுக்குப் பின்னால் இருந்த டெஸ்டரை எடுத்தாள். எடுத்து என் சட்டைப் பையில் வைத்தாள். பையில் மாவு ஒட்டிக்கொண்டது. அப்புறம் சொன்னாள், “தூத்துக்குடியில சனிக்கிழம சாயங்காலம் பாடுதேன். அதே ஹாஸ்டல்ல. வாங்க. முன்னால உக்காருங்க. அந்த அடிய நேர்ல பாடுதேன்.”

இன்றைக்குத்தான் அந்தச் சனிக்கிழமை. அவள் நேற்றே போய்விட்டாள். நாற்பது நாற்காலிதான் போட்டிருக்கிறார்களாம். மைக் கிடையாதாம். மைக் செட்காரன் பெண்டாட்டி கச்சேரி, மைக் கிடையாது. இதைவிட ஒருவனை எப்படி அவமானப்படுத்துவது? ஒரு சின்ன பாக்ஸாவது கொண்டுவரட்டுமா என்று கேட்டேன். உங்களை மட்டும் கொண்டுவாருங்கள், போதும் என்றாள். அதனால்தான் கையை வீசிக்கொண்டு வந்திருக்கிறேன். டெஸ்டரைக்கூட வீட்டில் வைத்துவிட்டேன். காது லேசாக இருக்கிறது, அடிக்கடி கை அங்கே போகிறது பாருங்கள்.

அந்த மிச்ச அடி என்னவென்று ஊரில் பாதிப் பேருக்குத் தெரியும். மறுநாளே போஸ்ட்மாஸ்டர் வந்து, “சொல்லட்டுமா அண்ணாச்சி?” என்றார். வேண்டாம் என்று கை காட்டிவிட்டேன். சாமியார் ஒரு தாளில் எழுதியே கொண்டுவந்தார். மடித்து அவரிடமே கொடுத்துவிட்டேன். எனக்கென்று ஒன்று வைத்திருக்கிறாள் என்றால், அதைப் போஸ்ட்மாஸ்டரும் சாமியாரும் வந்து கொடுப்பதா?

இல்லை சார், வேண்டாம். போனை உள்ளே வையுங்கள். பெயரைப் போட்டுத் தேடுகிறீர்கள், தெரிகிறது. நல்ல மனசோடுதான் செய்கிறீர்கள். வேண்டாம்.

ஏதோ கேள்வி அது. அது மட்டும் எனக்குத் தெரிந்துவிட்டது. அன்றைக்கு மோர் ஊற்றுவதற்கு முன் அதற்கு என்ன சொல்கிறீர்கள் என்றாளே, கேள்வியாக இருந்தால்தானே அப்படிக் கேட்பாள்? ஒரு பொம்பளை இருபத்தேழு வருஷம் கழித்து, டிரம்பெட்டையும் துடைப்பத்தையும் கூட்டிவைத்து ஒரு கேள்வி கேட்கிறாள், நான் பேஸ் போதாது என்று பதில் சொல்லியிருக்கிறேன். மெதுவாகக் கேட்டால் இப்படித்தான் பதில் வரும். அது அவள் தப்பு.

ஆனால் இன்றைக்கு முதல் நாற்காலியில் உட்காரப்போகிறேன். ஐந்து மணிக்குத்தான் ஆரம்பம், சன்னல் பக்கத்து வெயில் அவள் முகத்தில் நேராக விழும், அன்றைக்குப் போனபோதே பார்த்து வைத்திருக்கிறேன். டிரம்பெட்டைப் பார்க்கப் போவதில்லை, அந்தத் துடைப்பத்தைப் பார்க்கப் போவதில்லை. அவள் வாயை மட்டும் பார்த்துக்கொண்டிருப்பேன். பதிலும் யோசித்துவைத்திருக்கிறேன். என்ன கேட்டாலும் அதுதான் பதில். உங்களிடம் சொல்ல மாட்டேன், மன்னிக்க வேண்டும்.

புது பஸ் ஸ்டாண்டு வந்துவிட்டதா? எனக்குப் பழைய பஸ் ஸ்டாண்டில் இறங்க வேண்டும், அடுத்தது. கண்டக்டர் சொல்லும்போது என் கையைத் தொடுங்கள் சார். சொல்லவெல்லாம் வேண்டாம், தொட்டால் போதும்.